பத்து மதிப்பெண்

ஜூன் 3

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பேருந்து நிலையம்வரை வந்து ஏற்றிவிட்டிருக்கலாம். யார் யாரையோ ரயிலேற்றிவிட்டு வருகிறவன் நீ, கட்டிய பெண்டாட்டிக்கு மாடிப்படியிலிருந்தே கையாட்டிவிட்டாய். அத்தையாவது வாசல்வரை வந்து, "கரண்டி, கிண்ணமெல்லாம் எடுத்துக்கிட்டியாம்மா" என்று கேட்டார். சரி, முதல் கடிதத்திலேயே புகார் வேண்டாம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது என்றுதான் கடிதம் எழுத முடிவு செய்தோம்.

கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று மாடி, பன்னிரண்டு ஆய்வகம். வாசலில் 'மண்டல உயிர் அறிவியல் தொழில் பூங்கா' என்று ஆள் உயரப் பலகை. எல்லாச் சுவிட்சுகளிலும் இன்னும் பிளாஸ்டிக் உறை. என் குளிர் அறை ஒன்றே நம் வீட்டு மாடி ஆய்வகம் அளவுக்கு இருக்கிறது. சால்வையைப் போர்த்திக்கொண்டு பத்து நிமிடம் அதற்குள் சும்மா நின்றேன்.

இங்கே ஒரு திட்ட அதிகாரி இருக்கிறார். கக்கத்தில் கோப்பு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. அதனால் அவருக்குக் கோப்பு என்றே பெயர் வைத்துவிட்டேன்.

"உங்க பொருள் என்னன்னு ஒரு வரியில சொல்லுங்க மேடம், எழுதணும்" என்றார்.

"மாட்டுக்கு மடிநோய் இருந்தா பால்லயே கண்டுபிடிச்சிரலாம் சார். ஒரு காகிதப் பட்டையை நனைச்சா கோடு விழும். அந்தக் கோட்டை விழவைக்கிற சரக்கை ஒரு வகைச் செல்தான் சுரக்கும். அந்தச் செல்லை நாங்க பன்னிரண்டு வருஷமா உயிரோட வச்சிருக்கோம்."

"நாங்கன்னு போட முடியாதே மேடம். விண்ணப்பத்துல நீங்க ஒருத்தர்தான இருக்கீங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தலையாட்டிவிட்டேன்.

நிபந்தனை இதுதான். நவம்பர் 14 அன்று ஆய்வுக் குழு வரும். அதற்குள் இந்தக் கட்டடத்திலேயே செல்களை வளர்த்து, சரக்கெடுத்து, பட்டையைக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் அறை காத்திருப்பவர்களுக்குப் போய்விடும். முப்பத்தொரு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

உறைய வைத்த குப்பிகள் ஆறும் பத்திரம். உன்னிடம் எட்டு இருக்கின்றன. கலத்தில் திரவ நைட்ரஜன் நிரப்ப மறந்துவிடாதே, குளிர் போனால் செல்கள் செத்துவிடும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
வாயாடி

---

ஜூன் 11

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். குளிர் அறை வந்த இடத்தில் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அவ போயி ஆளாயிட்டா. நீ இங்க அரைச்ச மாவையே அரைச்சிட்டு இரு" என்று சொன்னாள். பெற்ற தாய் சொல்கிற சொல்லா இது?

இங்கே வழக்கம்போல்தான். ஏசி ஒழுகுகிறது. அடியில் வைத்த வாளியை மூன்று மணிக்கு ஒருமுறை கொட்டுகிறேன். நீ போன பிறகு வாளி கொட்டுவதும் என் ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டது.

விண்ணப்பத்தைப் பற்றிக் கோப்பு கேட்டதாக எழுதியிருக்கிறாய். அந்த விண்ணப்பத்தை நிரப்பியதே நான்தான் என்று அவருக்குத் தெரியுமா? நம் வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் என் கையில்தானே வரும். பெண் தனியாகத் தொடங்கிய நிறுவனத்துக்குப் பத்து மதிப்பெண் கூடுதல் என்று விதிமுறையின் ஏழாம் பக்கத்தில் கண்டுபிடித்தது நான். என் பெயரை நிறுவனத்திலிருந்து எடுக்கச் சொன்னது நான். 'பன்னிரண்டு ஆண்டு உழைப்பில் தனியொருத்தியாக உருவாக்கினார்' என்று எழுதி, 'எப்படி என் தமிழ்' என்று உன்னிடம் காட்டியதும் நான். நீ அன்றைக்கு, "வேண்டாம்டா, பத்து மார்க் இல்லாமலே பாக்கலாம்" என்றாய். நான் கேட்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

நமக்கு எழுபத்து நான்கு வந்தது. தேர்வானவர்களில் கடைசி ஆளுக்கு எழுபது. அந்தப் பத்து இல்லாவிட்டால் நீயும் இங்கே வாளிதான் கொட்டிக்கொண்டிருப்பாய். அதை நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

அந்தக் கோப்புக்கு வயது என்ன இருக்கும்? சும்மா கேட்டேன்.

உன்
சிடுமூஞ்சி

---

ஜூலை 2

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

கோப்புக்கு ஐம்பத்தேழு வயது. அடுத்த வருடம் ஓய்வு. மூட்டு வலி. போதுமா? கேட்கிறான் பார் கேள்வி.

போன வாரம் அமைச்சர் வந்தார். பன்னிரண்டு அறைகளையும் ஒதுக்கிவிட்டார்கள், ஆனால் இதுவரை ஆள் வந்தது நான்கு அறைகளுக்குத்தான். மற்ற எட்டிலும் பக்கத்துக் கல்லூரி மாணவிகளுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி நிற்கவைத்தார்கள். அமைச்சர் ஒரு பெண்ணிடம் "என்னம்மா ஆராய்ச்சி பண்ற" என்று கேட்டார். அவள், "வணிகவியல் சார்" என்றாள். கோப்பின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

என் அறையில் அமைச்சர் கால்மணி நேரம் நின்றார். நம் மாடியில் செய்து கொண்டுவந்த பட்டையை நானே பாலில் நனைத்துக் காட்டினேன். கோடு விழுந்தது. கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உன்னிடம் மறைக்காமல் ஒன்று சொல்கிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இங்கே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. நம் மாடியில் பன்னிரண்டு வருடமாக ரசாயனம் விற்க வருகிறவர்கள், இயந்திரம் பழுதுபார்க்க வருகிறவர்கள், பால் கூட்டுறவுக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்ததும் கேட்டது ஒரே கேள்விதான்: "சார் இல்லீங்களா மேடம்?" கையில் சோதனைக் குழாயோடு நான் நிற்பேன். சார் கடைக்குப் போயிருப்பார். சார் வரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, நான் சொன்னதையே உன்னிடம் கேட்டுக்கொண்டு போவார்கள். இங்கே வந்து ஒரு மாதமாகிறது. ஒருவர்கூட அப்படிக் கேட்கவில்லை.

பூங்காவைப் பற்றி வண்ணத்தில் ஒரு கையேடு அச்சடிக்கிறார்களாம். வந்ததும் அனுப்புகிறேன். அத்தையின் கண் மருந்தை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா?

உன்
வாயாடி

---

ஜூலை 15

அன்புள்ள வாயாடிக்கு,

மருந்து மாற்றியாயிற்று.

நேற்று ரசாயனக் கம்பெனி ஆள் வந்தார். நான் கதவைத் திறந்ததும், "மேடம் எப்ப சார் வருவாங்க?" என்று கேட்டார். நாளிதழில் உன் படத்தைப் பார்த்தாராம். நான் அளவு சொல்லச் சொல்ல, "மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆர்டர் போட்டுக்கலாம் சார்" என்றார். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பது சரிதான். நான் பூனையா ஆனையா என்பதுதான் புரியவில்லை.

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வயிறு எரிகிறது. வளர்ப்புத் தட்டின் முந்நூறு குழிகளில், சரக்கு சுரந்த நாற்பத்தொன்பதாம் குழியின் செல்லைத் தனியே எடுத்து வளர்த்தது யார்? நீ காய்ச்சலில் படுத்திருந்த பதினோரு நாள் அந்தச் செல்களுக்குத் தீனி போட்டுக் காப்பாற்றியது யார்? அமைச்சர் கை தட்டியபோது உனக்குக் கண் கலங்கியது. எனக்கு அந்த வரியைப் படித்தபோது உன்மேல் கோபம்தான் வந்தது. நல்ல புருஷன் இப்படி நினைக்க மாட்டான். நான் நினைத்தேன்.

உன்
சிடுமூஞ்சி

---

ஜூலை 24

அன்புள்ளவனுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மனதில் வைத்துப் புழுங்காமல் எழுதிவிட்டாய், அதுவரை நல்லது.

ஒரு தடவை கிளம்பி வா. நாற்பத்தொன்பது எவ்வளவு செழிப்பாக வளர்கிறது என்று உன் கண்ணால் பார். கோப்பிடம் சொல்லி வாயிலில் உனக்கு அனுமதிச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். 'இயக்குநரின் கணவர்' என்று போட்டிருக்கிறார்கள். முகம் சுளிக்காதே, கட்டடத்துக்குள் வர அந்தச் சீட்டு வேண்டும், அவ்வளவுதான். மூன்று நாள் ஆய்வகத்தை அத்தை பார்த்துக்கொள்வார் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளாவது வந்துவிட்டுப் போ.

வாயாடி

---

செப்டம்பர் 20

அன்புள்ளவனுக்கு,

ஜூலையில் எழுதியதற்குப் பதில் இல்லை. நீ வரவும் இல்லை. அதைப் பற்றிப் பேச இப்போது நேரமில்லை. ஒரு பெரிய இடி விழுந்திருக்கிறது.

பன்னிரண்டு ஆய்வகம் கட்டினார்கள், திறப்பு விழா நடத்தினார்கள், கையேடு அச்சடித்தார்கள். நைட்ரஜனுக்கு டெண்டர் விட மறந்துவிட்டார்கள். இதுவரை வந்ததெல்லாம் ஒப்பந்தக்காரர் கட்டடத்தோடு சேர்த்துக் கொடுத்ததாம். அது தீர்ந்துபோயிற்று. வெள்ளிக்கிழமை வர வேண்டிய வண்டி வரவில்லை, திங்கள்கிழமை கலத்தைத் திறந்தால் அடியில் ஈரம்கூட இல்லை. ஆறு குப்பிகளும் போயின. வளர்ந்துகொண்டிருந்த குடுவைகளாவது மிஞ்சும் என்று பார்த்தேன். மழைக்குக் கூரை கசிந்து எல்லாவற்றிலும் பூஞ்சை. கோப்பு என் அறை வாசலில் உட்கார்ந்து, "நான் மூணு தடவை எழுதினேன் மேடம், மூணு தடவையும் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார். அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

நைட்ரஜன் இப்போது வந்துவிட்டது. செல்கள்தான் இல்லை. உன்னிடம் எட்டு இருக்கின்றன. நான்கு அனுப்பு. முடிந்தால் நீயே கொண்டு வா. வளர்த்தெடுக்க ஐந்து வாரம் வேண்டும், தேதியைப் பார்த்துக்கொள். கையேட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். அதை மெதுவாகப் படிக்கலாம். குப்பிகள்தான் முதலில்.

உன்
வாயாடி

---

செப்டம்பர் 27

அன்புள்ள வாயாடிக்கு,

நீ கேட்டபடி நான்கு குப்பிகளை இன்று கூரியரில் அனுப்பியிருக்கிறேன். ஆறு கிலோ உலர்பனி (டிரை ஐஸ்) போட்டிருக்கிறேன். பெட்டியின் மூடியை இரண்டு சுற்று ஒட்டியிருக்கிறேன். நாளை மறுநாள் கிடைக்கும். அம்மாவுக்கு மூட்டுவலி என்பதால் நான் நேரில் வர முடியவில்லை.

கையேடு கிடைத்தது. படம் நன்றாக வந்திருக்கிறது.

சிடுமூஞ்சி

---

அக்டோபர் 5

அன்புள்ளவனுக்கு,

பெட்டி வந்தது. இங்கே எது வந்தாலும் வாயிலில் எடை போட்டு எழுதிக்கொள்வார்கள். பனி நாலரைக் கிலோ மிச்சம் இருந்தது. இரண்டு நாள் பயணத்துக்கு அதுவே அதிகம். குப்பிகள் பனிக்குள் புதைந்து கிடந்தன.

முதல் குப்பியை உருக்கினேன். ஒரு செல்கூட உயிரோடு இல்லை. என் தவறாக இருக்கும் என்று இரண்டாவதை உருக்கினேன். பிறகு மூன்றாவது. நான்காவதை மட்டும் உருக்கவில்லை. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.

நாம் குப்பிகளை எப்போதும் நிமிர்த்தி வைத்துத்தான் உறைய வைப்போம். உள்ளே இருப்பது அடியில் தட்டையாக உறையும். இந்தக் குப்பியில் அது பக்கவாட்டில் சரிந்து உறைந்திருக்கிறது. பெட்டிக்குள் படுக்கவைக்கும்போதே அது தண்ணீராக இருந்திருக்கிறது.

கூரியர்மேல் பழி போட எனக்கு வழியில்லை. என்ன நடந்தது என்று நீதான் எழுத வேண்டும். ஒரு வரி போதும்.

இவள்

---

அக்டோபர் 9

அன்புள்ள வாயாடிக்கு,

ஒரு வரியில் சொல்ல முடியவில்லை.

காலையில் பெட்டி, பனி எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டுதான் கலத்தைத் திறந்தேன். நான்கு குப்பிகளை எடுத்துத் தாங்கியில் நிறுத்தினேன். அரை நிமிடத்தில் பனிக்குள் வைக்க வேண்டும். பெட்டியில் ஓரம் அடைக்கக் காகிதம் தேவைப்பட்டது. பக்கத்தில் கையேடு கிடந்தது. கிழிப்பதற்காக அதை எடுத்தேன். நடுப்பக்கத்தில் நீ. அடியில், 'பன்னிரண்டு ஆண்டு உழைப்பில் தனியொருத்தியாக உருவாக்கினார்.' ஒரு எழுத்துகூட மாற்றாமல் என் வரியை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நானே எழுதிய பொய்யை அரசாங்கம் அச்சடித்துத் தந்ததும் அது எனக்கே உண்மை மாதிரி தெரிந்தது.

கீழேயிருந்து அம்மா தேநீருக்குக் கூப்பிட்டாள். போனேன். குப்பிகள் வெளியே நிற்கின்றன என்று தெரிந்துதான் போனேன். மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒரு டம்ளர் குடித்து முடித்தேன். அப்போதே மேலே ஓடியிருந்தால் ஒன்றிரண்டு பிழைத்திருக்கும். அம்மா, "இன்னொரு டம்ளர் ஊத்தட்டுமாடா" என்று கேட்டாள். ஊத்து என்றேன்.

நாற்பது நிமிடம். மேலே வந்தபோது நான்கும் தண்ணீர். பிறகு அவற்றைப் படுக்கவைத்து, சுற்றிலும் பனி கொட்டி, அவ்வளவு நேர்த்தியாகக் கட்டினேன். என் வாழ்க்கையில் அப்படியொரு பெட்டி நான் கட்டியதில்லை.

மீதி நான்கில் ஒன்றை நேற்று உருக்கிப் பார்த்தேன். நூற்றுக்குத் தொண்ணூறு உயிரோடு இருக்கிறது. மூன்று குப்பிகள் இருக்கின்றன. நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். கணவர் என்று சீட்டில் போட்டிருந்தாலும் சரி, என்ன போட்டிருந்தாலும் சரி. வரச் சொல்.

உன்
சிடுமூஞ்சி

---

அக்டோபர் 13

அன்புள்ளவனுக்கு,

நீ வர வேண்டாம்.

கோப்பு வியாழக்கிழமை தலைமை அலுவலகக் கூட்டத்துக்கு உங்கள் ஊருக்கு வருகிறார். பூங்காவின் நைட்ரஜன் குடுவையைக் கையோடு கொண்டு வருவார். மூன்று குப்பிகளையும் அவர் கண்ணெதிரே அதற்குள் வைத்துக் கொடு. வாங்கிக்கொண்டதற்குச் சீட்டு தருவார்.

அவரிடம் ஒரு படிவமும் கொடுத்தனுப்புகிறேன். இழப்பு அறிக்கை. இதைக் கொடுத்தால்தான் ஆய்வுத் தேதியைப் பதினைந்து நாள் தள்ளிவைப்பார்கள். அந்தப் பதினைந்து நாள் இல்லாவிட்டால் செல் வளராது, அறை போய்விடும். 'இழப்புக்குப் பொறுப்பானவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. "கூரியர்னு போட்டுருங்க மேடம், யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் கோப்பு. செய்யாத தவறுக்கு ஒருவன் பிழைப்பு போகக் கூடாது. உன் பெயரை எழுதினேன். படிப்பையும் சேர்த்து, முழுப் பெயராக. இந்தக் கட்டடத்தின் காகிதங்களில் உன் பெயர் வருவது இதுதான் முதல் தடவை. எழுதும்போது எனக்கு அழுகை வந்தது.

'நிறுவனத்துடன் உறவு' என்ற கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை. பங்குதாரர், ஊழியர், வெளியாள் என்று மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். விதிமுறையை நம்மில் முழுதாகப் படித்தவன் நீதான். நீயே எழுதிக் கையெழுத்துப் போடு.

பொறாமை உனக்கு மட்டும் வந்தது என்று நினைக்காதே. சார் இல்லீங்களா என்று ஒவ்வொருவன் கேட்கும்போதும் என் வயிறும் எரிந்தது. பன்னிரண்டு வருடம் எரிந்தது. நீ ஊரில் இல்லாத நாட்களில் உன் பெயர் எழுதிய குப்பிகள் எல்லாம் என் கையில்தான் இருந்தன. ஒன்றுகூடக் கெடவில்லை.

நீ முதல் டம்ளரைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். இரண்டாவதையும் எழுதினாயே, அந்த நேர்மைக்காக உன்னை மதிக்கிறேன். ஆனால் மாடி ஆய்வகத்தில் உன் பக்கத்தில் நின்று இனி என்னால் வேலை செய்ய முடியும் என்று தோன்றவில்லை. அத்தைக்கு மூட்டுவலி என்று எழுதியது உண்மையென்றால், தைலம் அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது.

இப்படிக்கு
நீ வாயாடி என்று கூப்பிட்டவள்

---

அக்டோபர் 17

அன்புள்ள வாயாடிக்கு,

மூன்று குப்பிகளும் கோப்பின் குடுவைக்குள் போயின. எடுத்த நேரமும் வைத்த நேரமும் சீட்டில் இருக்கின்றன. பதினெட்டு வினாடி. நல்ல மனிதர். படியில் ஏறி வந்ததில் மூச்சு வாங்கினார். அம்மா தேநீர் கொடுத்தாள். எனக்கு வேண்டாம் என்றுவிட்டேன். அம்மாவுக்கு மூட்டுவலி ஒன்றும் இல்லை.

படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கட்டத்தைப் பற்றி உனக்கு விளக்கிவிடுகிறேன், நாளைக்குக் குழுவில் யாராவது கேட்டால் நீ தடுமாறக் கூடாது.

பங்குதாரர் என்று எழுதக் கை துறுதுறுத்தது. எழுதினால் நீ தனியொருத்தி இல்லை என்று ஆகும். பத்து மதிப்பெண்ணைக் கழிப்பார்கள், அறுபத்து நான்கில் அறை நிற்காது. ஊழியர் என்றால் விதி ஒன்பதின்படி ஊழியரின் தவறு நிறுவனத்தின் தவறு, பதினைந்து நாள் கிடையாது. தவறு வெளியிலிருந்து வந்தது என்றால் மட்டும்தான் நாள் தருவார்கள்.

அதனால் வெளியாள் என்று எழுதினேன். கோப்பு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க அவங்க வீட்டுக்காரர்தானே சார்" என்றார். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லையே சார் என்றேன். மை காய்ந்த பிறகு ஒருமுறை படித்துப் பார்த்தேன். பிழையில்லை.

இப்படிக்கு
சிடுமூஞ்சி